மிச்சக் காற்று

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் சங்கு ஊதியதும் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

அந்த வழக்கம் எப்போது வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. தெருவின் கடைசியில் உயரமான சுவர். சுவருக்கு அப்பால் எண்ணெய்க் கிடங்கு. மொட்டை மாடியில் ஏறினால் ஒன்பது வெள்ளைத் தொட்டிகள், கழுவிக் கவிழ்த்த பெரிய பாத்திரங்கள் மாதிரி வரிசையாகத் தெரியும். பெட்ரோல், டீசல், விமானங்களுக்குப் போகிற எண்ணெய் எல்லாம் அதற்குள்தான். ஆபத்து வந்தால் ஊத வேண்டிய சங்கு வேலை செய்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை ஊதிப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம் ஊதினால் சோதனை. மூன்று நிமிடம் ஊதினால் நிஜம். நிஜமென்றால் வீட்டிலுள்ள நெருப்பையெல்லாம் அணைத்துவிட்டு மேட்டுச் சாலைக்குப் போய்விட வேண்டும். இதை மஞ்சள் தாளில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். நல்ல கெட்டித் தாள். ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் மடித்து வைக்கத் தோதாக இருந்தது.

வருஷக்கணக்காக வாராவாரம் ஊதியும் ஒன்றும் ஆகாத சங்கு வேறென்ன ஆகும்? தேநீர்ச் சங்கு ஆகிவிட்டது. ஊதியதும் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அடுப்பில் தண்ணீர் வைப்பார்கள். தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் அந்தச் சங்கைக் கேட்டுத்தான் தன் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்வார். அந்தக் கடிகாரத்தைப் பற்றி அவர் அடித்துக்கொண்ட பெருமையில் அவருக்கே கடிகாரம் என்று பெயர் விழுந்துவிட்டது.

சங்கை ஊதுகிறவரும் அதே தெருக்காரர்தான். பச்சைக் கதவு வீடு. கிடங்கின் தீயணைப்புப் பம்பு அறையில் அவருக்கு வேலை. தெருவில் எல்லோருக்கும் அவர் சங்குக்காரர். அவர் மனைவி தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் அவளுடைய மிதி இயந்திரம். பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். பக்கத்து அறையில் அவருடைய தங்கை. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷமாக அண்ணனோடுதான் இருந்தாள். காஜா எடுப்பதும் பித்தான் தைப்பதும் அவள் பொறுப்பு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் அந்த அறையில் நடந்தது.

"காஜாவா இது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"எலிக்குக் கண்ணாடி மாத்திக் குடுங்க அண்ணி, அழகா கடிக்கும்."

சங்குக்காரர் கஞ்சன். இதைத் தெருவே சொல்லும், அவரும் மறுக்கமாட்டார். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் புதுச் சோப்பு ஆக்குவார். சட்டைக் காலர் நைந்தால் திருப்பித் தைக்கச் சொல்வார். திருப்பினதும் நைந்தால் சட்டையைத் துடைக்கிற துணியாக்குவார், அதற்கு முன்னால் பித்தான்களை வெட்டித் தகர டப்பாவில் போட்டுவைப்பார். "மிச்சம்னு உலகத்துல ஒண்ணு கிடையாதும்மா. இன்னும் உபயோகப்படாததுன்னு வேணா சொல்லு" என்பார்.

அந்தக் கஞ்சத்தனத்தில் அவளுக்கென்று ஒரு பங்கு இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த முதல் புதன்கிழமை, சங்குச் சத்தம் கேட்டதும் அவள் துவைக்கிற கையோடு, முழங்கை வரை நுரையோடு, வாசலுக்கு ஓடிவந்து நின்றாள். தெரு சிரித்தது. சாயந்தரம் அவர் வந்ததும் அழுதாள்.

"அது நல்ல சத்தமா கெட்ட சத்தமான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க அங்க இருக்கீங்க, நான் இங்க இருக்கேன்."

அடுத்த புதன்கிழமை சங்கு ஊதி நின்றது. ஐந்து எண்ணுகிற நேரம் ஆகியிருக்கும். பிறகு சின்னதாக, யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி, இன்னொரு சத்தம் வந்தது. ப்பும்.

"கேட்டுதா?" என்றார் சாயந்தரம்.

"என்னங்க அது?"

"அது காத்துச் சங்கு. நிறுத்தினப்புறமும் குழாயில கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கும். சும்மா வெளிய விடுறதுக்கு உனக்கு விட்டேன். அது வந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். நான் இருக்கேன்னு அர்த்தம்."

மேலதிகாரி கேட்டபோது, மிச்சக் காற்றை விடாவிட்டால் குழாய் துருப்பிடிக்கும் என்று சொல்லிவைத்தாராம். அதிகாரிகள் மாறினார்கள், துரு என்ற பேச்சு மாறவில்லை. முப்பத்தொரு வருஷம். புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் கால் தானாக மிதியிலிருந்து இறங்கிவிடும். இயந்திரம் நிற்கும். சங்கு ஊதும், ஓயும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ப்பும். மறுபடி கால் ஏறும். நாத்தனாரும் அந்த நேரம் ஊசியை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு வேலையை நிறுத்த ஒரு சாக்கு வேண்டும் என்று தையல்காரி நினைத்துக்கொள்வாள்.

அந்தப் புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது அவர் சட்டையில் நெஞ்சுக்கு நேரே ஒரு பித்தான் இல்லை. நாத்தனார் டப்பாவைக் கிளறினாள். அளவுக்குச் சரியாகக் கிடைத்தது ஒரு பித்தளைப் பித்தான்தான். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரரின் பழைய சீருடைக் கோட்டிலிருந்து வந்தது.

"நின்னுக்கிட்டே தைக்காத, குத்திடுவ" என்றாள் தையல்காரி.

"குத்தினா குத்தட்டும் அண்ணி. அண்ணன்தானே."

"வெள்ளைச் சட்டையில பித்தளைப் பித்தானா? பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

"தபால் ஆபீஸ்ல பதவி உயர்வு கிடைச்சிருக்குன்னு சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அப்படிச் சிரித்துக்கொண்டேதான் போனார். கதவை மூடும்போது பச்சைப் பெயிண்ட் உரிந்திருப்பதைப் பார்த்து, போன வருஷ மிச்சப் பெயிண்ட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அடிக்கலாம் என்றார்.

சங்கு ஊதியபோது முன்னறைக் கடிகாரத்தில் பதினொன்றுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. தையல்காரி அதைக் கவனித்தாள். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கால் வழக்கம்போல இறங்கியது. தெருவில் பாத்திரச் சத்தமும் தண்ணீர் பிடிக்கிற சத்தமும் கேட்டன. மேலே யாரோ தீப்பெட்டி எங்கே என்று கத்தினார்கள். முனைக் கடையில் கடிகாரம் ஸ்டூலில் ஏறி, பத்து ஐம்பத்து மூன்று காட்டிய தன் சுவர்க் கடிகாரத்தைப் பதினொன்றுக்குத் தள்ளிவைத்தார். முப்பது வருஷமாகச் சங்கு தப்பியதில்லை, தப்பியது கடிகாரமாகத்தான் இருக்க வேண்டும்.

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. அது ரொம்ப நேரம் ஊதியது என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். அப்போது யாருக்கும் தெரியவில்லை. தினமும் பார்க்கிற முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

நின்றது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறு.

ஏழு. பத்து வரை எண்ணினாள். பதினைந்து வரை எண்ணினாள். திரும்பினால், நாத்தனார் ஊசியைத் தன் விரலில் குத்திக்கொண்டு, குத்தியது தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடையில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்திருந்தது.

"அடுப்ப அணை" என்றாள் தையல்காரி.

உப்புப் போடு என்றால்கூட எவ்வளவு, எதற்கு, ஏன் நான் என்று கேட்கிற நாத்தனார் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போய் அணைத்தாள். "நான் எதிர் வரிசைக்குப் போறேன் அண்ணி" என்று பித்தான் டப்பாவைக் கையில் பிடித்தபடியே படியிறங்கினாள். இவள் ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்ற கேள்வி தையல்காரிக்கு அப்போது வரவில்லை.

அவள் தெருமுனைக்கு ஓடி, துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் கடிகாரத்தின் கடை ஷட்டரில் அடித்தாள். உள்ளே நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். பாதி முகம் மழித்தாகிவிட்டது. பின்கட்டில் அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க தையலம்மா. உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு முந்திட்டாரா, இல்ல என் கடிகாரம் என்னை ஏமாத்துதா?"

"அடுப்ப அணைங்க."

"டீ கொதிக்குதும்மா."

"அணைங்கன்னா அணைங்க! இது சோதனை இல்ல. நிஜம்."

கடிகாரம் கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "புதன்கிழமைதானே? வழக்கமா ஊதுறதுதானே? உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும். முப்பத்தொரு வருஷமாக மடித்துவைத்திருந்ததை, பாதி முகத்தில் நுரையோடிருக்கும் ஒரு வேற்று ஆள் முன்னால் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவளுக்குக் காது வரை சுட்டது.

"சங்கு நின்னதும் அவர் எனக்காகச் சின்னதா ஒண்ணு ஊதுவார். எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றதுக்கு. இத்தனை வருஷத்துல ஒரு வாரம் தப்பினதில்ல. இன்னைக்கு ஊதல."

கடிகாரம் அவளைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போனார். நீல நெருப்பு அணைந்தது.

அதற்குப் பிறகு தெரு நகர்ந்த வேகம் அவளுக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். கடிகாரத்துக்கு நல்ல குரல். "அடுப்ப அணைங்க, கதவ விடுங்க, நடங்க!" என்று அவர் ஒரு முனையிலிருந்து கத்த, மறுமுனையிலிருந்து நாத்தனார் கத்தினாள். ஒருவர் வண்டியைக் கிளப்பப் போனார். தையல்காரி ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினாள். ஒரு பொறி போதும் என்று புருஷன் சாப்பிடும்போது எத்தனையோ தடவை சொன்னது, வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வந்தது. "தள்ளிட்டுப் போங்க. கிளப்பாதீங்க." அதற்குள் சுவரின் அடியில், மழைத் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக, வெள்ளையாக ஏதோ வந்துகொண்டிருந்தது. பனி மாதிரி. நல்ல வெயிலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. பார்த்தபிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

தபால்காரரின் மனைவி படுத்த படுக்கை. அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். முன்னால் கடிகாரம், பின்னால் பாதி முகம் மழித்த வாடிக்கையாளர். "முப்பது வருஷமா வீடு வீடா நான் தூக்கிட்டுப் போனேன், இன்னைக்கு என் வீட்டையே தூக்கிட்டுப் போறீங்க" என்று தபால்காரர் புலம்பிக்கொண்டே நடந்தார். "கீழ போட்டுடாதீங்கப்பா, திருப்பி அனுப்ப முகவரி கிடையாது" என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

மேட்டுச் சாலை ஏறி, பள்ளி மைதானத்தின் கேட்டுக்குள் கடைசி ஆள் நுழைந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதலில் காற்று வந்தது. முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. அப்புறம்தான் சத்தம். பள்ளியின் ஜன்னல்கள் ஒரே சமயத்தில் உதிர்ந்தன. திரும்பிப் பார்த்தபோது, அவர்கள் தெரு இருந்த இடத்துக்கு மேலே கறுப்பாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் அது வெயிலை மூடிவிட்டது. நண்பகலில் பறவைகள் கூட்டுக்குத் திரும்பின.

மைதானத்தில் யாரோ ஆட்களை எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். தெருவில் ஒருவரும் குறையவில்லை. அந்தச் சந்தோஷத்தை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. தையல்காரி அங்கே நிற்கிறாள் அல்லவா.

அவள் மைதானத்தின் ஓரத்தில், கேட்டைப் பார்த்தபடி நின்றாள். வேலி ஓரம் நாத்தனார், மடியில் பித்தான் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் தபால்காரரும் கடிகாரமும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தணிந்த குரல் தபால்காரருக்கு வராது.

"அந்தப் பொண்ணு மட்டும் வந்து கதவைத் தட்டலேன்னா நான் தண்ணி வச்சிருப்பேன்யா. என்னம்மா கதைன்னு கேட்டேன். சங்கு நின்னதும் அண்ணன் எனக்காகக் குட்டியா ஒண்ணு ஊதும், இன்னைக்கு ஊதல, தாத்தா எழுந்திருங்கன்னு அழுதா."

"எந்தப் பொண்ணு?"

"சங்குக்காரன் தங்கச்சி."

"இல்லையே" என்றார் கடிகாரம். "தையலம்மா தனக்காக ஊதுறதுன்னு இல்ல சொன்னாங்க?"

அப்புறம் ரெண்டு பேரும் அவள் முதுகைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். அவர்கள் மூடியது அவள் காதில் விழுந்தது.

புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாத அந்த நேரத்தில்கூட அவளுக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லக் கூடாது, சுருக்கென்றதுதான். முப்பத்தொரு வருஷம் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த புடவையை இன்னொருத்தி கட்டிக்கொண்டு எதிரே வந்த மாதிரி. வேலி ஓரம் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனாரின் குத்துப்பட்ட விரல் வீங்கியிருந்தது. அவள் அதை வாயில் வைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி, கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானும் அதே கேட்டைத்தான் இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தது தையல்காரிக்கு உறைத்தது.

மூன்று மணிக்குக் கிடங்கின் வாட்ச்மேன் வந்தார். புருவமும் முன்தலை முடியும் பொசுங்கியிருந்தன. சட்டையின் ஒரு கையைக் காணோம். கேட்டில் நின்று யாரையோ தேடினார். அவளைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார். அந்த நடையிலேயே பாதி தெரிந்துவிட்டது.

"அக்கா."

"சொல்லுங்க."

"ஏழாம் நம்பர் தொட்டி நிரம்பி வழிஞ்சதுக்கா. அளவு காட்டுற முள்ளு நின்னுபோயிருக்கு, யாருக்கும் தெரியல. ஆவி தரையில பரவிடுச்சு. எல்லாரும் பின் கேட்டுக்கு ஓடுனோம். அண்ணன் பம்பு ரூமுக்குள்ள போனாரு. நுரை அடிக்கிற பம்பு தானா ஓடணும், ஓடல. கையால திருப்பித்தான் விடணும்னாரு. நான் இழுத்தேன்க்கா. சத்தியமா இழுத்தேன்."

நாத்தனார் எழுந்து வந்து அண்ணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"முதல்ல சங்கு. முழுசா மூணு நிமிஷம் புடிச்சாரு. விட்டுட்டு, வழக்கம் பாருங்க, கை மறுபடி பிடிக்குப் போச்சு. அந்தச் சின்ன ஊதல் ஊதுவாரே, அதுக்கு. சுட்டுக்கிட்ட மாதிரி கைய எடுத்தாரு. எடுத்து இப்படி அக்குளுக்குள்ள வச்சுக்கிட்டாரு. வேண்டாம்டா, இன்னைக்கு ஊதினா வீட்டுல நம்பிடுவாங்கன்னாரு. அதுதான் கடைசியா பேசினது. என்னைப் பிடிச்சுத் தள்ளிட்டு உள்ள போயிட்டாரு. பம்பு ஓடுற சத்தம் எனக்குக் கேட்டுச்சுக்கா. தெருப்பக்கம் இருக்கிற நாலு தொட்டி மேலயும் நுரை ஏறிடுச்சு. அது நாலும் எரியல. எரிஞ்சிருந்தா இந்த மைதானமும் மிஞ்சாது."

தையல்காரி கேட்டாள்:

"வீட்டுலன்னா... யாரைச் சொன்னார்?"

வாட்ச்மேனுக்குக் கேள்வி புரியவில்லை. "வீட்டுலன்னாருக்கா. அவ்வளவுதான்."

நாத்தனாரின் கையிலிருந்து டப்பா விழுந்தது. மைதானத்து மண்ணெல்லாம் பித்தான். அந்தத் தெருக்காரர்கள், நுரை காய்ந்த அரை முகத்தோடு அந்த வாடிக்கையாளர் உட்பட, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள். ஒரு பித்தளைப் பித்தான் இருந்தது. அது போதும் என்று தையல்காரி சொல்லிவிட்டாள். மேற்கொண்டு பார்க்கவில்லை, நாத்தனாரையும் பார்க்க விடவில்லை.

பத்தாம் நாள் வீட்டுக்குத் திரும்ப அனுமதித்தார்கள். சுவர் இருந்தது, கூரை இருந்தது, கண்ணாடி ஒன்றுகூட இல்லை. பச்சைக் கதவு கீலிலிருந்து கழன்று நடையில் கிடந்தது. தையல் இயந்திரத்தின் மேல் கறுப்பாக ஒரு விரல் கனத்துக்குப் புகைத்தூள். இருவரும் பேசாமல் பெருக்கினார்கள். பத்து நாளாகவே அவர்கள் இப்படித்தான், தேவைக்குமேல் பேசவில்லை. தெரு அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டது. பாதி துக்கம்தான். மீதி, யார் முதலில் கேட்பது என்பது.

குளியலறையைக் கழுவப்போன நாத்தனார் சோப்புப் பெட்டியோடு வந்தாள். அதில் அவருடைய சோப்பு இருந்தது. பச்சை, ரோஸ், வெள்ளை என்று மூன்று நிறத் துண்டுகள் சேர்ந்த ஒரே சோப்பு.

"இதை என்ன பண்ண அண்ணி?"

தையல்காரி அதைக் கையில் வாங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "உனக்கு எப்போ சொன்னார்?"

எதை என்று நாத்தனார் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்தாள்.

"இங்க வந்த புதுசுல. அந்த ஆறு மாசம் நான் பேசாம கிடந்தேனே, ஞாபகம் இருக்கா? ஒருநாள் அண்ணன் வந்து பக்கத்துல உக்காந்துச்சு. புதன்கிழமை சங்கு நின்னப்புறம் குட்டியா ஒரு சத்தம் வரும், கவனி, அது உனக்கு, அண்ணன் இருக்கேன்னு அர்த்தம்னுச்சு. கேட்டேன். வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அண்ணி நான் எழுந்து ஊசிய எடுத்தேன்." பிறகு அவளும் கேட்டாள்: "தபால் தாத்தா சொன்னாரு. உங்களுக்கும் சொல்லியிருக்குன்னு. எப்போ?"

"கல்யாணமான ரெண்டாவது வாரம்."

நாத்தனாரின் முகம் சுருங்கிப்போனது. "அப்போ உங்களோடதா அது? உங்களோடத எடுத்து எனக்குக் குடுத்துச்சா? எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன், காதைப் பொத்திட்டு இருந்திருப்பேன்."

பத்து நாளாக அந்தச் சுருக்கை எப்படி எடுத்து வெளியே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. சொல்ல நிறைய வைத்திருந்தாள். கையில் இருந்த மூன்று நிறச் சோப்பைப் பார்த்தாள். காதைப் பொத்துவேன் என்று சொல்லிவிட்டு நிஜமாகவே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். அழுகை வருகிறது என்று நினைத்தாள். வெளியே வந்தபோது அது சிரிப்பாக இருந்தது.

"எடுத்துக் குடுக்கலடி. எங்க எடுத்தார்? அதே ஊதல்தான். ரெண்டு பொம்பளைங்களுக்கு ரெண்டு தடவை ஊதினா என்ன குறைஞ்சுபோகும்? மனசு வரல பாரு. மிச்சக் காத்து, அதுலயும் மிச்சம் புடிச்சிருக்கார் அந்தக் கஞ்சப் பிசினாறி!"

நாத்தனார் காதிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அவளுக்கும் பிடித்துக்கொண்டது. கண்ணாடித் தூளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்தார்கள். வாசலில் போன கடிகாரம் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனார். சிரிப்பு எப்போது மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை. நாத்தனார் அண்ணியின் மடியில் தலை வைத்து அழுதபோது, தையல்காரி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி தானும் அழுதாள். பத்து நாளில் அன்றுதான் அழுதாள்.

அந்தச் சோப்பை அவர்கள் தூக்கிப்போடவில்லை. உபயோகித்தார்கள். அவருக்கு அதுதான் பிடித்திருக்கும்.

ஒரு வருஷம் கழித்துக் கிடங்கு பாதி அளவில் திறந்தது. தெரு வேண்டாமென்று மனுக் கொடுத்தது, ஊர்வலம் போனது. கடைசியில் தொட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளிவைப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். சங்கு புதுசு. ஆள் வேண்டாம், கம்ப்யூட்டரே நேரம் பார்த்து ஊதிக்கொள்ளும். ஊதி முடித்தால் முடித்ததுதான், அதில் மிச்சம் எதுவும் கிடையாது. முதல் புதன்கிழமை பத்தரை மணிக்கே தையல்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்க அவளுக்கு இஷ்டமில்லை.

பதினொரு மணிக்கு ஊதியது. அவள் கால் தானாக இறங்கியது. ஒரு நிமிடம் ஊதி நின்றது. ஐந்து வரை எண்ணினாள். எண்ணக் கூடாது என்று இருந்தாள், எண்ணினாள். ஒன்றும் வரவில்லை. நாத்தனார் ஊசியைப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியது.

"அண்ணி, இங்க வந்து பாருங்க."

தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்திருந்தார்கள். கடிகாரம் கடைப்படியில், கையில் சீப்போடு. ஏழு நிமிடம் முந்தி ஓடுகிற அந்தக் கடிகாரத்தை அவர் அன்றிலிருந்து திருத்தவேயில்லை. தபால்காரர், மனைவியின் நாற்காலியைக் கதவு வரை தள்ளிக்கொண்டு. மாடிகளில் ஆட்கள், கையில் பாத்திரம். ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எல்லோரும் பச்சைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சப் பெயிண்டை அடித்து நாத்தனார் மாட்டிய கதவு அது.

"எதுக்கு நிக்கிறாங்க?"

"உங்களுக்காகத்தான். அந்தக் குட்டிச் சத்தம் வந்தாத்தானே அடுப்ப ஏத்தலாம்?" நாத்தனார் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "போங்க அண்ணி. பாவம், டீத்தண்ணிக்கு நிக்கிறாங்க."

"நீயும் வா. உனக்கும்தானே ஊதினார்."

இருவரும் கதவைத் திறந்து படியில் வந்து நின்றார்கள். தையல்காரி சுவர்ப் பக்கம் பார்த்தாள். வெயில். சுவரின் அடியில் ஈரம்கூட இல்லை. மூக்கை உயர்த்தி ஒருமுறை மூச்சை இழுத்தாள், புது மண்ணும் சுண்ணாம்பும்தான் மணத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "பத்தவைங்க."